அட்டைப்பெட்டி பஸ்ஸும் சாக்பீஸ் வைகையும்

மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் சார்ட்டைக் காட்டி 'இது பஸ், இது ரயில்' என்று ஒப்பிக்க வைப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. தரையில் சாக்பீஸால் மதுரை வைகை ஆற்றை வரையுங்கள், வடக்கே மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட், தெற்கே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். திருநெல்வேலிக்காரர் மாட்டுத்தாவணியில் ஏறணும், தேனிக்காரர் ஆரப்பாளையத்தில் ஏறணும் என்று சொல்லிவிட்டால் போதும், அட்டைப்பெட்டியை இடுப்பில் மாட்டிக்கொண்டு அவர்களே கிளம்பிவிடுவார்கள். ஆறு குறுக்கே வந்ததும் பாலம் வேண்டுமே, கட்டைகளை அடுக்கி அதையும் கட்டிவிடுவார்கள்.

எல்லாருக்கும் கண்டக்டர் வேலைதான் வேண்டும் (டிரைவருக்கு மதிப்பே இல்லை!). விசில் மட்டும் வேண்டாம், ஒரே விசில் பத்து வாய்க்குப் போகும். 'போலாம் ரைட்' என்று கத்தட்டும். காகித டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பது விரல்களுக்கு நல்ல பயிற்சி.

அப்புறம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து பொம்மைக் கார் விடச் சொல்லுங்கள். சாய்வு கூடினால் வேகம் கூடும், மேலே துண்டை விரித்தால் குறையும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.