வித்தியாசம் இருநூறுக்குள்: எண்ணிக்கை அறையில் ஒரு சீஃப் ஏஜெண்டின் அனுபவம்

தொகுதிப் பெயரும் கட்சிப் பெயரும் இங்கே வேண்டாம். 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சீஃப் ஏஜெண்டாக இருந்தேன். அவர் இருநூறுக்கும் குறைவான ஓட்டில் தோற்றார். அன்று தியாகராய நகரிலேயே 137 ஓட்டில்தான் முடிவு வந்தது, அதனால் எங்கள் கதை ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் எண்ணிக்கை அறையில் எதைக் கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்டால் கிடைக்காது என்று எங்கள் ஆட்களுக்கே சரியாகத் தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே செல்போன் கிடையாது. பேனா, வெள்ளைத்தாள், 17சி நகல் கட்டு, அவ்வளவுதான் ஆயுதம். வாக்குப்பதிவு முடிந்ததும் பூத்தில் எழுதித் தரும் கணக்குத்தான் 17சி. ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் மெஷினான கண்ட்ரோல் யூனிட்டின் எண், பதிவான மொத்த ஓட்டு, சீல் எண் எல்லாம் அதில் இருக்கும். பூத் ஏஜெண்டுகளில் பாதிப் பேர் மெஷினுக்கு சீல் வைத்ததும் பிரியாணி தேடிக் கிளம்பிவிடுவார்கள். எங்கள் பகுதிச் செயலாளர் கறாரான ஆள். அந்தத் தாள் இல்லாமல் வருகிறவருக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லி வைத்திருந்தார். அதனால் எல்லா பூத்துக்கும் நகல் கையில் இருந்தது. ராத்திரி எங்களைக் காப்பாற்றியது அதுதான்.

காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு, அரை மணி கழித்து மெஷின். 14 மேஜை, சுற்றுக்கு 14 பூத். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஆட்கள். மதியம் வரை நாங்கள் முன்னிலை, சாயங்காலம் அவர்கள், அப்புறம் திரும்ப நாங்கள். கடைசிச் சுற்றில் நாங்கள் பின்தங்கியதும் வெளியே வெடிச் சத்தம் கேட்டது. கொண்டாட்டத்துக்குத் தடை இருந்த நேரம் அது.

உடனே எங்கள் ஆட்கள் "ரீகவுண்ட், ரீகவுண்ட்" என்று கத்த ஆரம்பித்தார்கள். நான் அடக்கினேன். பேப்பர் ஓட்டுக் காலத்தில் திரும்ப எண்ணினால் கட்டு மாறிக் கிடந்தது தெரியவரும். மெஷினில் ரிசல்ட் பட்டனை நூறு தரம் அழுத்தினாலும் அதே எண்தான் வரும். கணக்கு மாற வாய்ப்புள்ள இடங்கள் வேறு: மெஷினிலிருந்து தாளுக்கும் தாளிலிருந்து பலகைக்கும் எண்ணை எடுத்தெழுதும் இடம், ஒதுக்கி வைத்த மெஷின், தள்ளுபடியான தபால் ஓட்டு.

முதலாவதை உட்கார்ந்து தேடினோம். மேஜையில் எங்கள் பையன் குறித்தது 364, சுற்றுப் பட்டியலில் 346. மேஜைத் தாளை எடுத்துப் பார்த்த தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபேச்சு பேசாமல் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது மெஷின். பகலில் ஒரு கண்ட்ரோல் யூனிட்டின் மொத்தமும் 17சி மொத்தமும் ஒத்துப்போகவில்லை, ஐம்பது ஓட்டு அதிகமாகக் காட்டியது. வாக்குப்பதிவு நாள் காலையில் மாக் போல், அதாவது ஒத்திகை ஓட்டு, நடத்திய அலுவலர் 'கிளியர்' அழுத்த மறந்திருக்கிறார். குறைந்தது ஐம்பது ஓட்டாவது போட்டுத்தான் மாக் போல் நடத்த வேண்டும், அந்த ஓட்டுகள் உள்ளேயே தங்கிவிட்டன. இப்படிப்பட்ட மெஷினை எண்ணாமல் தனியாக வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்த பூத்தில் பதிவான ஓட்டைவிட அதிகமென்றால் அதைத் தொடவே மாட்டார்கள். குறைவென்றால் விவிபேட் சீட்டை, அதாவது ஒவ்வொரு ஓட்டுக்கும் அச்சாகிப் பெட்டியில் விழும் தாளை, எண்ண வேண்டும். எங்களுக்குக் குறைவு.

மாக் போல் சீட்டுகள் மட்டும் பின்பக்கம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் சீலோடு பத்திரமாக இருந்தன. அதை நன்றாகச் செய்த அந்த மனிதர் ஒரு பட்டனை எப்படி மறந்தாரோ! பெட்டியைத் திறந்து, சீட்டுகளைச் சின்னவாரியாகப் பிரித்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டினார்கள். சூடு பட்டால் கறுக்கும் வழவழப்பான சீட்டு, விரலில் ஒட்டும். ஒவ்வொன்றையும் எங்களுக்குத் தூக்கிக் காட்டச் சொன்னோம், காட்டினார்கள். அந்த பூத் எங்களுக்குச் சாதகம், இடைவெளி இன்னும் குறைந்தது.

மூன்றாவதுதான் பெரிய சண்டை. தள்ளுபடியான தபால் ஓட்டு வித்தியாசத்தைவிட அதிகமாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அத்தனையையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். 2020-ல் பீகாரின் ஹில்சாவில் 12 ஓட்டில் முடிவு வந்தபோதும் இப்படித்தான் பார்த்தார்கள். எங்கள் ஊரில் இந்த விஷயம் சூடாக இருந்ததற்கு ராதாபுரம் காரணம். 2016-ல் அங்கே அப்பாவு 49 ஓட்டில் தோற்றார். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகளை ஏற்கவில்லை என்பது வழக்கு. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்றம் எண்ணச் சொல்லி, எண்ணியும் முடித்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. அறைக்குள் தீராதது வெளியே எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது.

தேர்தல் ஆணையப் பார்வையாளர் முன்னிலையில், வீடியோ ஓட, ஒவ்வொரு உறையாகப் பார்த்தோம். பெரும்பாலும் தபால் ஓட்டோடு அனுப்ப வேண்டிய 13ஏ உறுதிமொழியில் ஓட்டுப் போட்டவரின் கையெழுத்தே இல்லை. ஓட்டுச் சீட்டு எண்ணும் உறுதிமொழியில் எழுதிய எண்ணும் ஒத்துப்போகாதவை சில. தபால் ஓட்டுப் போடும் தேர்தல் பணியாளர்கள், ஊருக்கே தேர்தல் பயிற்சி எடுக்கிறவர்கள், தங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் அனுப்பியிருக்கிறார்கள், என்ன சொல்ல? சில உறைகள் செல்லும் என்றானது. அவற்றில் எங்களுக்கும் வந்தது, அவர்களுக்கும் போனது.

அப்புறம் ஒரு நிமிட விஷயம் இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். மொத்தக் கணக்கை 20-ம் படிவத்தில் எழுதி அறிவித்த பிறகு, கையெழுத்துப் போடும் முன் அலுவலர் கொஞ்சம் இடைவெளி தர வேண்டும். மறு எண்ணிக்கை கேட்டு, காரணத்தோடு, எழுத்தில் கொடுக்க வேண்டியது அந்த இடைவெளியில்தான். கையெழுத்து விழுந்துவிட்டால் கோரிக்கை செல்லாது. நாங்கள் மனுவை முன்கூட்டியே எழுதி, எந்தச் சுற்று, எந்த மேஜை, என்ன முரண்பாடு என்று மட்டும் பின்னால் நிரப்பிக் கொடுத்தோம். இரண்டு சுற்றுகளின் தாள்களை மறுபடி கூட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார், மற்றதை மறுத்தார். மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கினோம், அது நம் உரிமை. கூட்டிப் பார்த்ததில் ஒன்றும் மாறவில்லை.

முடிவு வரும்போது விடியத் தொடங்கியிருந்தது. வேட்பாளர் வழக்குப் போடலாமா என்றார். 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, 2,000 ரூபாய் காப்புத்தொகை. செலவு அதில் இல்லை, வக்கீலில் இருக்கிறது. சென்னையில் ஒரு மூத்த வக்கீல் எங்கள் கட்டு முழுவதையும் புரட்டினார். பூத்வாரியாக 17சியும் 20-ம் படிவமும் ஒத்துப்போயின, தபால் ஓட்டை மறுபடி பார்த்த வீடியோவும் இருந்தது. "இவ்வளவு ஒழுங்கா கணக்கு வச்சிருக்கீங்க, இதை வச்சு எதைத் தப்புன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டு, ஃபீஸ் வாங்காமல் அனுப்பிவிட்டார். மனு போடவில்லை.