அனுப்பி வைக்க ஓர் ஊர் வேண்டும்

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆதலால் அந்த நாட்டு மக்களைப் பற்றிய தீர்ப்புகளும் இங்கே எளிதாகப் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று தை மாதந்தோறும், பழனிப் பாதயாத்திரைப் பேச்சு எழும்போதெல்லாம், என் காதில் விழுகிறது. அமெரிக்கர்கள் காரை விட்டு இறங்காதவர்கள், நடப்பது அவர்களுக்கு ஆகாத காரியம், அதனால்தான் உலகின் பெரிய பாதயாத்திரை வழிகளில் அவர்கள் குறைவாகத் தென்படுகிறார்கள் என்பது அந்தத் தீர்ப்பு. அவர்கள் குறைவு என்பதில் உண்மை இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் தவறு என்று நான் நினைக்கிறேன்.

நடக்கத் தெரியாத மக்கள் அப்பலாச்சியன் தடத்தை உண்டாக்கியிருக்க மாட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடியும் அந்தக் காட்டுவழி ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. 1937-இல் முழுமை பெற்றது. மேற்குக் கரையில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் கிரெஸ்ட் தடம் 4,200 கிலோமீட்டரையும் தாண்டும். இத்தகைய தடங்களைக் காப்பதற்கென்றே 1968-இல் ஒரு தேசியச் சட்டம் இயற்றிய நாடு அது. ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கானோர் கூடாரத்தையும் அடுப்பையும் முதுகில் சுமந்துகொண்டு அப்பலாச்சியன் தடத்தின் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் கடக்கப் புறப்படுகிறார்கள். அதை முடிப்பதற்கு ஐந்து, ஆறு மாதங்கள் ஆகும். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் என்பதை நினைத்துப் பார்த்தால், காலின் வலிமையைப் பற்றி நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க எதுவுமில்லை என்பது விளங்கும்.

வெளிநாட்டு வழிகளில் அவர்கள் அறவே இல்லை என்பதும் சரியன்று. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள சாந்தியாகோ நகரத்துப் பேராலயத்தை நோக்கிச் செல்லும் காமினோ வழிகளில் 2023-ஆம் ஆண்டு பயணம் சென்று (பெரும்பாலோர் நடந்தே) சான்றிதழ் பெற்றவர்கள் ஏறத்தாழ 4,46,000 பேர். அவர்களில் அமெரிக்கர் ஏறத்தாழ 32,000 பேர். ஸ்பெயின் நாட்டவருக்கு அடுத்த இடம் அவர்களுடையதுதான். ஆனால் அமெரிக்க மக்கள்தொகை 33 கோடியைத் தாண்டியது. ஆறு கோடிக்கும் குறைவான மக்களைக் கொண்ட இத்தாலியிலிருந்து வந்தவர்கள் 28,000 பேர். இந்த ஒப்பீட்டில்தான் குறைவு கண்ணுக்குப் புலப்படுகிறது. காமினோவை விட்டு விலகி, இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் வரை 2,000 கிலோமீட்டர் செல்லும் வியா பிராஞ்சிஜெனாவுக்கோ, ஜப்பானின் ஷிகோக்கு தீவில் 88 கோயில்களைச் சுற்றிவரும் 1,200 கிலோமீட்டர் வழிக்கோ போனால் அமெரிக்க முகங்களைத் தேடித்தான் காண வேண்டும்.

முதற்காரணம் விடுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டுத் தொழிலாளிக்கும் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்துடன் கூடிய விடுப்பு சட்டப்படி உண்டு. ஸ்பெயினில் அது 30 நாள். அமெரிக்காவில் சம்பள விடுப்பு தந்தே தீர வேண்டும் என்று தேசிய அளவில் எந்தச் சட்டமும் இல்லை. தனியார் நிறுவனத்தில் ஓராண்டு பணி முடித்தவருக்குச் சராசரியாகக் கிடைப்பது பத்து நாளைச் சற்றே தாண்டும் விடுப்பு, அதுவும் முதலாளி மனம் வைத்துத் தருவது. பிரான்சு எல்லையில் உள்ள சான்-ழான்-பியே-த-போர் என்னும் ஊரிலிருந்து சாந்தியாகோவுக்கு 780 கிலோமீட்டர். நன்றாக நடப்பவருக்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இத்தாலியரோ ஜெர்மானியரோ அதைத் துண்டு போட்டு நடக்கலாம்: இந்த ஆண்டு ஒரு வாரம், அடுத்த ஆண்டு விட்ட இடத்திலிருந்து இன்னொரு வாரம் என்று பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டி விமானக் கட்டணம் கொடுத்து வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. கைவசம் உள்ள இரண்டு வாரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டியவர்கள் சாரியா என்னும் ஊரிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை மட்டும் நடக்கிறார்கள். சான்றிதழுக்குத் தேவையான குறைந்த அளவு நடைத்தூரம் அந்த 100 கிலோமீட்டர்தான்.

வேலையை விட்டுவிட்டுப் போகலாமே என்றால், அங்கே வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விடுகிறது. மக்களில் பாதிப் பேருக்கு மேல் காப்பீடு வேலை வழியாகவே வருகிறது. வேலையை விட்டவர் அதைத் தொடர வேண்டுமானால் முழுக் கட்டணத்தையும் தாமே கட்ட வேண்டும். அதனால்தான் படிப்பை முடித்து வேலையில் சேராத இளைஞரும் ஓய்வு பெற்ற முதியவரும் நீண்ட வழிகளில் நடக்கிறார்கள். இடைப்பட்ட வயதினர் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

இந்த இரண்டும் பலரும் சொல்லும் காரணங்கள். இவற்றுக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. அது எனக்குப் புலப்பட்டது அந்நாட்டு நீதிமன்ற வழக்கு ஒன்றைப் படித்தபோது. அரிசோனாவில் ஒரு பெரிய கடையின் காலணிப் பிரிவில் விற்பனையாளராக இருந்த கத்தோலிக்கப் பெண் ஒருவர், 1988 அக்டோபரில் மெட்ஜுகோரியே என்னும் மாதா தலத்துக்கு யாத்திரை போகத் தமக்கு இறையழைப்பு வந்ததாகச் சொல்லிச் சம்பளமில்லாத விடுப்புக் கேட்டார். பண்டிகைக்கால விற்பனையைக் காரணம் காட்டி நிர்வாகம் மறுத்தது. அவர் போனார்; வேலை போயிற்று. கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. யாத்திரை போக வேண்டும் என்பது சமய நம்பிக்கையாக இருக்கலாம், ஆனால் குறிப்பிட்ட அந்த நாள்களில்தான் போக வேண்டும் என்பது அவருடைய சொந்த விருப்பமே என்பது நீதிபதிகளின் முடிவு. சட்டத்தின் கண்ணில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தைப்பூசத்துக்கு நடக்கும் ஊரில் பிறந்த எனக்கு, நாள் குறித்துப் போவது தனிமனித விருப்பம் என்ற அந்த வரியைப் படித்தபோது மனம் மிகவும் கனத்தது. நமக்கு நாளைக் குறிப்பவர்கள் நாம் அல்லர். பஞ்சாங்கம் குறிக்கிறது, ஊர் குறிக்கிறது, 2021 முதல் தமிழ்நாடு அரசின் விடுமுறைப் பட்டியலும் குறிக்கிறது.

எங்கள் பகுதி நகரத்தார் பழனிக்குக் காவடி எடுத்துச் செல்வது 400 ஆண்டு மரபு என்பார்கள். உப்பு வணிகத்துக்காகப் பழனிப் பக்கம் போய்வந்தவர்கள் தொடங்கியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. காவடிகள் குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ ஒரு வாரத்தில் பழனி சேர்கின்றன. சென்றவர்கள் காவடி செலுத்திவிட்டு நடந்தே திரும்புவதும் உண்டு. இதில் நான் கவனிக்கச் சொல்வது நடப்பவரை அல்ல, நடக்காதவரை. மாலை போட்ட நாளிலிருந்து விரதச் சமையல் செய்யும் அப்பத்தா, கடையைப் பார்த்துக்கொள்ள வரும் பங்காளி, பின்னால் வண்டியில் பாயும் போர்வையும் ஏற்றி வருபவர், வழியிலுள்ள ஊர்களில் பந்தல் போட்டு மோரும் பானகமும் கொடுத்து, கால் கழுவ வெந்நீர் வைத்துக் காத்திருக்கும் முன்பின் அறியாத குடும்பங்கள், இரவில் நடப்பவர் கையிலுள்ள கோலில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடும் காவலர் என்று ஒருவர் நடக்கப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். சித்திரை மாதத்தில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு நடப்பவர்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. கடை முதலாளியிடம் போய் 'ஏன் போகிறேன்' என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. போகாமல் இருந்தால்தான் 'இந்த வருஷம் என்ன, போகலையா?' என்று கேட்கிறார்கள்.

அமெரிக்கருக்கு இல்லாதது இதுதான் என்பது என் துணிபு. உடல்வலிமையும் பணமும் பக்தியும் பலரிடம் உண்டு. அனுப்பி வைக்கும் ஊர் இல்லை. விடுப்பை அவரே கெஞ்சிப் பெற வேண்டும், காரணத்தை அவரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், திரும்பி வந்தபின் அது சுற்றுலா அல்ல என்பதையும் அவரே விளக்க வேண்டும்.

இதற்கு வரலாறும் உண்டு. அந்த நாட்டின் அடித்தளச் சமயப் பண்பு புராட்டஸ்டன்டு மரபால் அமைந்தது. யாத்திரைகளை ஒழிக்க வேண்டும் என்று அம்மரபைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூதர் 1520-இலேயே எழுதினார்: மனைவி மக்களைத் தவிக்கவிட்டு ரோமுக்கு நடந்து பணத்தைக் கரைப்பதில் புண்ணியம் இல்லை என்பது அவர் வாதம். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்தில் குடியேறிய தூய்மைவாதிகளும் ஓர் இடம் மற்றோர் இடத்தைவிடப் புனிதமானது என்பதை ஏற்றவர்கள் அல்லர். இன்று அங்கே ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர் என்றாலும், நடந்து போய்ச் சேரும் தலம் என்ற எண்ணம் பொதுவாழ்வில் வேர்விடவில்லை. நெடுந்தூரம் நடந்து போக வேண்டும் என்ற ஏக்கத்தைக் காடும் மலையும் ஏற்றுக்கொண்டன என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பலாச்சியன் தடத்தில் நடப்பவர்களுக்கு வழியோரத்தில் நின்று உணவு கொடுக்கும் அன்பர்கள் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டபோது நத்தம் சாலைப் பந்தல்கள் நினைவுக்கு வராமல் இல்லை.

என் கருத்துக்கு வலுவான சான்று அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடபகுதியில் சிமாயோ என்றொரு சிற்றூர். 1810-களில் மண்ணால் எழுப்பப்பட்ட அங்குள்ள சிறு ஆலயத்தின் புனித மண்ணை நோய் தீர்க்கும் பொருளாக மக்கள் எடுத்துச் செல்கிறார்கள். புனித வாரத்தில், சிறப்பாகப் பெரிய வெள்ளிக்கிழமையன்று, பல்லாயிரம் பேர் நெடுஞ்சாலையோரமாக அதை நோக்கி நடக்கிறார்கள். பலர் சாந்தா பே நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடக்கிறார்கள். சிலர் ஆல்புகர்க்கியிலிருந்தே வருகிறார்கள். சிலர் மரச்சிலுவையைத் தோளில் சுமக்கிறார்கள். வழியெங்கும் தண்ணீரும் ஆரஞ்சுப் பழமும் கொடுப்பவர்கள் நிற்கிறார்கள், காவலர்கள் போக்குவரத்தை ஒழுங்கு செய்கிறார்கள். ஸ்பானிய மரபுக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி அது. அதே அமெரிக்க வேலைச்சட்டம், அதே குறைந்த விடுப்பு. ஆனாலும் நடக்கிறார்கள், ஏனென்றால் அங்கே ஊர் கூடி அனுப்புகிறது.

அனுப்பும் வழக்கம் ஒருமுறை அழிந்தால் திரும்பாது என்றும் இல்லை. இன்று இலட்சக்கணக்கானோர் வரும் சாந்தியாகோவில் 1985-இல் சான்றிதழ் பெற்றவர்கள் வெறும் 690 பேர். எலியாஸ் வாலின்யா என்ற பாதிரியார், ஓ செப்ரெய்ரோ மலைக்கிராமத்தில் பணியாற்றியவர், 1980-களில் மஞ்சள் பெயின்டை எடுத்துக்கொண்டு வழிநெடுக அம்புக்குறி வரைந்தார். ஆங்காங்கே அன்பர் குழுக்கள் தோன்றின, ஊராட்சிகள் தங்குமிடங்களைத் திறந்தன, நடந்து முடித்தவர்கள் அடுத்த ஆண்டு அத்தங்குமிடங்களில் கூலியில்லாமல் பணி செய்ய வந்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் அந்த வழி மீண்டும் உயிர்பெற்றது. ஷிகோக்குவில் வெள்ளை உடுத்து நடப்பவருக்குப் பழமும் பணமும் படுக்க இடமும் கொடுக்கும் வழக்கத்தை அத்தீவு மக்கள் விட்டுவிடவே இல்லை. பெரும்பாலோர் இப்போது பேருந்திலும் காரிலும் சுற்றினாலும் நடப்பவருக்குரிய மரியாதை குறையவில்லை.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன், "அம்மான், இங்கே பழனிக்கு லீவு கேட்டா 'ஃபேமிலி எமர்ஜென்சியா'ன்னு கேப்பாங்க" என்று சென்ற ஆண்டு சொன்னான். இந்த ஆண்டு அவனோடு பணிபுரியும் அமெரிக்க நண்பர் ஒருவர் காமினோ போக நாள் போதவில்லை என்று வருந்தியிருக்கிறார். அந்த நண்பருக்காகக் குன்றக்குடி நடையைப் பற்றி எழுதும்படி தங்கை மகன் என்னிடம் கேட்டான். தை மாதம் என்பதால் வெயில் கடுமையாக இராது என்றும், நடை ஏறத்தாழ ஒரு வாரம், விமானப் பயணத்தையும் சேர்த்தால் அவருடைய இரண்டு வார விடுப்புக்குள் அடங்கும் என்றும் எழுதினேன். கூடாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், வெறுங்காலில் நடக்க முடியாவிட்டால் செருப்பு அணியலாம், உணவைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும் சேர்த்தேன். விரதம் மட்டும் அவர் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். எத்தனை நாள் என்பதை என் அப்பத்தாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று முடித்தேன். அப்பத்தா அவருக்கென்று ஒரு பச்சை வேட்டி வாங்கி வைக்கச் சொல்லிவிட்டார்.