பாம்புக்குக் கிழமை தெரியுமா?
ஓசூரில் பால் பைத்தான் (ball python, ஒரு வகை மலைப்பாம்பு) வளர்த்து, ஞாயிறுதோறும் அதற்கு எலி கொடுக்கும் நண்பர், "ஞாயிறு ஆனா தலையைத் தூக்கிப் பாக்குது, அதுக்கு நாள் தெரியும்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலியின் வாடையும் உடல் சூடும்தான் அதை உசுப்புகின்றன. மேலுதட்டில் வரிசையாக இருக்கும் சின்னக் குழிகள் இருட்டிலும் அந்தச் சூட்டைப் பிடித்துவிடும். கூண்டைத் திறந்தாலே இரை என்று பழகியும் விடும், அது உண்மை. ஆனால் தோல் உரிக்கும் முன் கண் நீலம் பூத்து மங்கியிருந்தால், எந்தக் கிழமை நீட்டினாலும் பெரும்பாலும் தொடாது. அப்போது தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். நல்ல உடம்போடு இருக்கும் பெரிய பாம்புக்கு ஒரு வேளை தவறினால் ஒன்றும் ஆகாது.

அப்புறம், இதைப் பார்த்து நம்ம கேழ்வரகுக் கொல்லையில் திரியும் சாரையைப் பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சாரை கொல்லையிலேயே எலி பிடிக்கட்டும், விடுங்கள்.