“அண்ணி, ஒரு விஷயம்…”

இந்த டிவி சீரியல் சென்னையில் இரவு 9 மணிக்கு என்றால், மியான்மரில் எங்கள் யாங்கோனில் 10. அதுவும் கரண்டு இருந்தால்தான். இல்லையென்றால் பேட்டரியில் ஓட்ட வேண்டும். அந்தப் பேட்டரியையும் இந்தக் கதைக்குச் செலவழிக்கிறோமே என்றுதான் வயிற்றெரிச்சல்.

கதாநாயகி வக்கீலாம். கோர்ட்டில் கேள்விமேல் கேள்வி கேட்டு சாட்சியை மடக்குகிறாள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் நீட்டும் பத்திரத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறாள். அப்புறம் எதற்கு அவளை வக்கீலாக்கினார்கள்? உண்மை தெரிந்த ஒரே ஆள் கொழுந்தன். “அண்ணி, ஒரு விஷயம்…” என்பான், உடனே போன் அடிக்கும். மூன்று வாரமாக அடிக்கிறது! வாரத்துக்கு 6 நாள் ஓட்ட வேண்டும், எழுதுகிறவர் பாவம், என்ன செய்வார். சரி, இழுங்கள். புத்திசாலியை முட்டாளாக்கித்தான் இழுக்க வேண்டுமா?

நடுவில் கணவனாக நடித்தவரும் மாறிவிட்டார். ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். அம்மா அதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. “புதுசா வந்தவன் நல்லாத்தான் இருக்கான்” என்கிறார்.

நேற்று கொழுந்தன் ஒருவழியாக வாயைத் திறந்தான். சரியாக அப்போது கரண்டு போனது. பேட்டரியும் காலி. பகோவில் இருக்கும் சித்தி பார்த்திருப்பார், காலையில் போன் செய்து கேட்க வேண்டும்.