லட்ச ரூபாய் ஆம்ப்பும் நூறு ரூபாய் பாக்ஸும்

வீட்டு ஸ்டீரியோவில் ஸ்பீக்கருக்கு ஒன்றரை லட்சம், ஆம்ப்புக்கு (ஆம்ப்ளிஃபயர்) ஒரு லட்சம், ஸ்பீக்கர் கேபிளுக்கே பத்தாயிரம் என்று கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள், கடைசியில் அத்தனையையும் அலமாரிக்குப் பின்னால் கிடக்கும் நூறு ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிவிடுவார்கள். சூடு முதலில் ஏறுவது அந்த பாக்ஸில்தான்.

குமரி மாவட்டத்தில் குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரத்தில் வீடு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். உப்புக்காற்றில் பித்தளைப் பின் கறுத்து, ஓரத்தில் பச்சை பூக்கும். சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து பிளக் ஆட ஆரம்பிக்கும். அந்த ஒரு தொடுமுனையில் 1 ஓம் தடை உருவானாலே போதும். ஆம்ப், சப்வூஃபர், அதே பாக்ஸில் யாரோ செருகிய அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால், அந்தப் புள்ளியில் மட்டும் 25 வாட் சூடு. ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்னும் 25 வாட்தான். அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மணிக்கணக்கில் வைத்ததற்கு இது சமம். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அறுக்கும் ஸ்விட்ச்) விழாது, ஏனென்றால் கரண்ட் கூடவில்லை. ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் அறுக்கும் ஸ்விட்ச்) விழாது, ஏனென்றால் எர்த்துக்குக் கசிவு இல்லை. இரண்டுமே இருக்கிற வீட்டிலும் பாக்ஸ் உருகுவது இதனால்தான்.

வழக்கமாகக் கேட்கிற சத்தத்தில் ஒரு மணி நேரம் பாட விட்டு, பிளக்கின் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாவிட்டால் பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். இன்னொரு அடையாளம் வாடை. ஸ்விட்ச் போர்டுகளில் வரும் சில பிளாஸ்டிக்குகள் சூடேறும்போது மீன் கவுச்சி அடிக்கும். நம்மூரில் மீன் வாடை வந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? அடுப்பில் மீன்குழம்பு இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் ஒவ்வொரு பிளக் பாயிண்டாக மோந்து பார்ப்பது நல்லது.

சரியான வழி, டிபியிலிருந்து (வீட்டின் எம்சிபிகள் இருக்கும் பெட்டி) ஸ்டீரியோவுக்கென்று தனி லைன். 4 சதுர மி.மீ. செம்பு வயர் மூன்று (ஃபேஸ், நியூட்ரல், எர்த்), 16 ஆம்பியர் சி-டைப் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, முடிவில் 16 ஆம்பியர் சாக்கெட். நடுவில் ஜாயிண்ட் கூடாது. பெரிய டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் ஆன் ஆகும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பி-டைப் எம்சிபி போட்டிருந்தால் அடிக்கடி விழும். விழுகிறதே என்று 32 ஆம்பியர் மாட்டிவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. அப்போது சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் 2.5 சதுர மி.மீ. வயர்தான் ஃபியூஸ். சி-டைப்பும் விழுந்தால் ஆம்ப்புக்கு சாஃப்ட் ஸ்டார்ட் (ஆன் ஆகும்போது கரண்ட்டை மெதுவாக ஏற்றும் சுற்று) போடுங்கள், எம்சிபியைத் தொடாதீர்கள். தனி லைனால் சத்தத்துக்கும் லாபம் உண்டு. ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆகும்போது வரும் டப் குறையும். ஸ்பீக்கரில் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) வருகிறது என்று எர்த் பின்னைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதைக் கழற்றாமல், எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து பவர் கொடுத்து, கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் ஹம் அத்தோடு போய்விடும்.

அடுத்தது வளைகுடாவிலிருந்து வந்த செட்டுகள். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் எழுபது, எண்பதுகளின் ஜப்பான் ஆம்ப்கள் இன்னும் பல வீட்டில் இருக்கின்றன, அருமையான பொருட்கள். முதலில் பின்பக்கம் வோல்டேஜ் செலக்டரைப் பாருங்கள். சவுதியில் பழைய லைன் 127 வோல்ட். செலக்டர் அந்த இடத்திலேயே இருந்தால் இங்கே செருகிய கணமே கதை முடிந்தது. 220, 240 இரண்டும் இருந்தால் 240-இல் வையுங்கள். ‘60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் போட்ட செட்டை நம்முடைய 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக் கோர் காந்தப்புலத்தால் நிரம்பி உறுமும், சூடேறும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினாலும் அது மாறாது. பல வருஷம் கிடந்த செட்டை நேராக லைனில் செருகாமல், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து சீரிஸ் லாம்ப்பில் ஆன் செய்யுங்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பவர் ஸ்விட்சின் குறுக்கே, கண்ணாடி போன்ற மஞ்சள் உறையில் விரிசல் விட்ட காகிதக் கெபாசிட்டர் இருந்தால் யோசிக்காமல் கழற்றி, அதே மதிப்பில் எக்ஸ்2 வகை (மெயின்ஸுக்கென்றே செய்த பாதுகாப்பான கெபாசிட்டர்) மாட்டுங்கள். விரிசல் வழியே ஈரம் ஏறி, ஒருநாள் வெள்ளைப் புகையைக் கக்கும் பொருள் அது.

மூடியைத் திறந்த கையோடு பல்லியையும் தேடுங்கள். வெதுவெதுப்புக்காகக் காற்றுத் துளை வழியே நுழையும் பல்லி, மெயின்ஸ் வரும் இரண்டு முனைக்கு நடுவே கருகிக் கிடக்கும். அதை எடுத்துப் போட்டால் மட்டும் போதாது. போர்டில் கரிந்த கறுப்புத் தடம் மின்சாரத்தைக் கடத்தும். துடைத்தால் போகாது, அந்தக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஃபியூஸ் 3.15 ஆம்பியர் ஸ்லோ என்று எழுதியிருந்தால் அதுவேதான். ஸ்விட்ச் போர்டு ஃபியூஸ் கம்பியை அதன் மேல் சுற்றி ‘தற்காலிகமாக’ ஓட்டிய செட்டுகள் எத்தனையோ.

டிரான்ஸிஸ்டர் ஆம்ப்பில் பலருக்கும் தெரியாத ஆபத்து ஸ்பீக்கர் பக்கம் இருக்கிறது. அவுட்புட் டிரான்ஸிஸ்டர் ஷார்ட் ஆனால் உள்ளே உள்ள 50 வோல்ட் டிசி நேராக வூஃபருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் டிசி தடை ஏறத்தாழ 6 ஓம். கணக்குப் போட்டால் 400 வாட்டுக்கு மேல், இடைவிடாமல். வாய்ஸ் காயில் சிவந்து, காகிதக் கோன் பற்றி, பெட்டிக்குள் அடைத்த பஞ்சுக்கு ஏறும். இதைத் தடுக்க இருக்கும் ரிலேயும் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) சில நேரம் கைவிடும், ஏனென்றால் டிசி கரண்ட்டை அறுக்கும்போது எழும் பொறி சட்டென்று அணையாது, முனை ஒட்டிக்கொள்ளும். மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் டிசியில் வைத்து, பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். 20-க்குள் இருந்தால் அருமை, 50 வரை பரவாயில்லை, 100 தாண்டினால் சர்வீஸ். ஆன் செய்யும்போது கோன் முன்னே தள்ளி அங்கேயே நின்றால் அளக்கவும் வேண்டாம், உடனே ஆஃப்.

வால்வ் ஆம்ப்பில் டிசி பயம் இல்லை, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தடுத்துவிடும். அங்கே பார்க்க வேண்டியது நிறம். மஞ்சள் இழை ஒளிர்வது இயல்பு; சாம்பல் நிற பிளேட் மங்கலாகச் சிவந்தால் பயாஸ் (வால்வின் கரண்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் வோல்டேஜ்) போய்விட்டது, அல்லது கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. மேலே ஓரடி காலி இடம் விடுங்கள், திரைச்சீலை பக்கத்தில் கூடாது. ‘வார்ம் ஆகவேண்டும்’ என்று நாள் முழுக்க ஆனில் வைப்பது வீண் வேலை. முக்கால் மணி நேரம் தாராளம். பாட்டு ஓடாதபோதும் 200 வாட் இழுக்கும் கிளாஸ் ஏ வகை ஆம்ப் 24 மணி நேரத்தில் 4.8 யூனிட் தின்னும், அதுவும் ஆளில்லாத வீட்டில்.

இடி சீசன் நமக்கு இரண்டு முறை, சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும். குலசேகரம், பேச்சிப்பாறை போன்ற மலையடிவாரத்தில் கேட்கவே வேண்டாம். டிபியில் டைப் 2 எஸ்பிடி (இடியால் வரும் வோல்டேஜ் அடியை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போடுங்கள். அதன் சிறு ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பானால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் இடியைவிட மட்டை பொல்லாதது. தென்னை மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 இருந்த இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம். மலிவான ஸ்பைக் பாக்ஸுக்குள் இருக்கும் நீல வட்ட வேரிஸ்டர் மைக்ரோ நொடி அடியைத் தாங்கும். இப்படித் தொடர்ந்து வந்தால் அதுவே தீப்பந்தம். 270 வோல்ட்டில் தானாக அறுத்து, மூன்று நிமிஷம் காத்திருந்து திரும்பக் கொடுக்கும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் அவசியம். பிளக்கைக் கழற்றுவதென்றால் மேகம் கறுக்கும்போதே கழற்றுங்கள், டிஷ் கேபிளோடு சேர்த்து.

அறையைப் பற்றி ஒன்றே ஒன்று. சுவரில் ஒட்டும் முட்டைத்தட்டு வடிவ ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் 100 பேர் இறந்தது, மேடைச் சுவரில் ஒட்டிய அந்த வகை ஃபோமில் பொறி பட்டுத்தான். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். நம்மூரில் எளிதாகக் கிடைக்கும் தென்னை நார்ப் பலகையும் ரப்பர் ஃபோமும் மாற்று ஆகாது. நார் உள்ளுக்குள் கனன்று கிடக்கும். கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி உள்ள ராக் வூல் (பாறை இழை) பலகையைத் துணியால் மூடி மாட்டுங்கள், ஒலிக்கும் அதுதான் மேல். மரத் தட்டு போட்ட பழைய ஓட்டு வீட்டுக்கு இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு பொருந்தும். டிசம்பரில் குடில் வைக்கோலும் சீரியல் செட்டும் ஸ்டீரியோ பாயிண்டின் பக்கமே வரக்கூடாது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு, மூன்றடி முன்னால் இழுங்கள். தவிலின் அடி தெளியும், பின்னால் வயரையும் கண்ணால் பார்க்கலாம்.

தீயணைப்பானில், ஏபிசி பவுடர் தீயை அணைக்கும், ஆனால் ஈரம் பட்டதும் போர்டை அரித்துத் தின்னும். ஸ்டீரியோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வாங்குங்கள். கருவிக்குப் பின்னால் மாட்டாதீர்கள், கதவுப் பக்கம். முதலில் எம்சிபி ஆஃப், பிறகு அடியுங்கள். ஊதுகுழலைப் பிடிக்காதீர்கள், குளிர் கையைச் சுடும். இந்த வாயு சூட்டை ஆற்றாது, அதனால் அணைந்தது திரும்பவும் பற்றலாம். மூடிய அறையில் மூச்சும் முட்டும், அடித்ததும் வெளியே வாருங்கள். ஒரு சிலிண்டரில் அடங்கவில்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு 101. இந்த வகையில் பிரஷர் முள் கிடையாது. வருஷம் ஒருமுறை தராசில் வைத்து, வாயு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் ரீஃபில்லுக்குக் கொடுங்கள்.