பட்டியலில் பதினேழு பேர்

எங்கள் வீட்டு வைஃபையில் எத்தனை கருவிகள் இருக்கும் என்று போன சனிக்கிழமை ராத்திரி என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் எட்டு என்று சொல்லியிருப்பேன். போன் ஐந்து, லேப்டாப் இரண்டு, டிவி ஒன்று. கிரிக்கெட் பார்க்கும்போது படம் நின்று நின்று சுற்றியதால்தான் பிரவுசரில் 192.168.1.1 அடித்து ரவுட்டருக்குள் போனேன். அங்கே பதினேழு இருந்தது.

நங்கநல்லூரில் எங்களுடையது தனி வீடு, மாடியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறார்கள், அவர்கள் பையன் கம்ப்யூட்டர் படிக்கிறான். என் சந்தேகம் எங்கே போயிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டியலில் பாதிக்குப் பெயரே இல்லை. வெறும் மேக் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க்கில் இருக்கிற அடையாளம், எழுத்தும் எண்ணுமாக 12 இலக்கம். அதில் முதல் 6 இலக்கம் தயாரித்த கம்பெனிக்கு ஐ.இ.இ.இ. என்ற தர நிர்ணய அமைப்பு ஒதுக்கிக் கொடுப்பது, அதை நெட்டில் போட்டுத் தேடினால் கம்பெனி பெயர் வரும். வரும்தான், ஆனால் அது பெட்டியின் மேல் இருக்கிற பெயராக இருக்காது, உள்ளே வைஃபை சில்லைப் போட்டவன் பெயராக இருக்கும். ஒன்றுக்கு ஹான் ஹாய் என்று வந்ததும் ஏதோ சீனாக்காரன் புகுந்துவிட்டான் என்றே நினைத்தேன். தைவான் கம்பெனி அது, ஃபாக்ஸ்கானின் சொந்தப் பெயர், நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற அதே ஃபாக்ஸ்கான். கடைசியில் பார்த்தால் என் பிரிண்டர்.

போன்களுக்கு இந்த வழியும் உதவாது. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019-இலிருந்தும், ஐபோனில் ஐஓஎஸ் 14 வந்த 2020-இலிருந்தும் போன்கள் தாமாகவே ஒரு பொய் அட்ரஸைச் செய்துகொண்டு வருகின்றன. அதைக் கண்டுபிடிக்கச் சின்ன வழி இருக்கிறது: இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அப்படிச் செய்துகொண்டதுதான். பட்டியலில் அப்படி இருந்தவற்றில் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்துவிட்டுப் போன அக்கா, அத்தான் போன்கள். அவர்கள் பெருங்களத்தூர் போய்ச் சேர்ந்து ஆறு நாள் ஆகிறது, ரவுட்டர் மட்டும் இன்னும் இலை போட்டு வைத்திருக்கிறது. சில ரவுட்டர்கள் இப்படிப் போனவர்களையும் சேர்த்தே காட்டும் என்பது தெரியாமல் அரை மணி நேரம் வீண்.

மிச்சத்துக்கு ஒரே வழிதான். சந்தேகப்படும் கருவியின் ஐபிக்கு (ரவுட்டர் அதற்குக் கொடுத்த நம்பர்) லேப்டாப்பிலிருந்து விடாமல் பிங், அதாவது ‘இருக்கிறாயா’ என்ற கேள்வி, போட்டுவிட்டு, நான் வீடு முழுக்கப் போய் ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்க வேண்டியது, மகன் ஹாலில் திரையைப் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டியது. பெட்ரூம் ஏசியை அணைத்ததும் "போயிடுச்சுப்பா!" என்றான். அந்த ஏசிக்கு வைஃபை கொடுத்ததே மறந்துவிட்டது, ஒரு நாள்கூட போனில் போட்டதில்லை. இப்படியே வாசல் கேமரா, அவனுடைய டேப், பூஜை அறை பல்பு. அலமாரியில் இருந்த பழைய போன்தான் படுத்திவிட்டது, அம்மா காலையில் சுப்ரபாதம் கேட்பது அதில்தான். தூங்கும் போன் பிங்குக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாது, அதனால் பதில் வரவில்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பதினாறு ஆயிற்று. ஒன்று மிஞ்சியது, கம்பெனி பெயர் எஸ்ப்ரெசிஃப். ஷாங்காய்க்காரர்கள், விலை மலிவான ஸ்மார்ட் பல்பு, பிளக் எதைத் திறந்தாலும் இவர்கள் சில்லு இருக்கும். பூஜை அறை பல்பும் இதே பெயரில்தான் வந்தது. ஆனால் வீட்டில் எதைப் பிடுங்கினாலும் இது மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. மாடிப் பையன்தான், வேறு யார். ராத்திரி பத்தரைக்கு பிளாக் போட்டுவிட்டு, பாஸ்வேர்டு இல்லாமல் ஒரு பின் நம்பரைப் போட்டே வைஃபையில் சேரவிடும் டபிள்யூ.பி.எஸ்.ஸையும் அணைத்தேன் (அதன் 8 இலக்க பின்னை அதிகபட்சம் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011-இலேயே வெளிவந்துவிட்டது, உங்கள் ரவுட்டரிலும் அணைத்துவிடுங்கள்), நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறு மணிக்கு அம்மா பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார். குழாயில் காற்றுதான் வந்தது. மாடியிலிருந்தும் அதே புகார்.

"ஏண்டா, மோட்டார் ஏன் ஓடலை?" என்று அப்பா சம்ப் பக்கம் போய் நின்றார். அப்போதுதான் கதை வெளியே வந்தது. மூன்று மாதம் முன்னால் நான் ஆபீஸ் வேலையாக பெங்களூரில் இருந்தபோது, தொட்டி நிரம்பி வழிந்து மெட்ரோ வாட்டர் வீணாகிறதே என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் மாட்டியிருக்கிறார். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இறங்கியதை அது வைஃபை வழியாகத்தான் கீழே மோட்டாருக்குச் சொல்லும். பாஸ்வேர்டு? காலண்டர் பின்னால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அப்பாவே படித்துச் சொன்னாராம்.

கையால் சுவிட்சைப் போட்டு ஓடவிட்டு, பிளாக்கை எடுத்தேன். மாடிப் பையன் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து "அங்கிள், கரன்ட் பிராப்ளமா?" என்றான். ஆமாம் என்றேன்.

ரவுட்டரில் இப்போது எல்லாவற்றுக்கும் பெயர் போட்டாயிற்று: மோட்டார், அம்மா சுப்ரபாதம், பூஜை பல்பு. பாஸ்வேர்டைத்தான் இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் கன்ட்ரோலரில் புதிதாகப் போட அந்த எலக்ட்ரீஷியன் வர வேண்டும், அவர் ஊரில் திருவிழா, ஆடி முடியட்டும் சார் என்கிறார்.