3.65 கிராம் உப்பு

என் கடல்நீர் மீன்தொட்டியில் மூன்றாவது அனிமோன் இன்றோடு 41 நாள் உயிரோடு இருக்கிறது. பூவிதழ்போல விரல்களை விரித்துப் பாறையில் காலூன்றி வாழும் கடல் உயிரினம் அது. முதல் இரண்டும் மூன்று வாரத்தைத் தாண்டவில்லை. அதனால்தான் இதை எழுதும் துணிச்சல் வந்தது.

முதலாவதைக் கொளத்தூரில் ஒரு கடையில் வாங்கினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. உடம்பிலிருந்த பாசியை இழந்து வெளுத்துப்போனதை 'அபூர்வ நிறம்' என்று சொல்லி விற்றார்கள். நானும் வாங்கினேன், அந்த முட்டாள்தனம் என்னுடையது. இரண்டாவது நல்ல பழுப்பு நிற பபிள் டிப், விரல்நுனிகளில் குமிழ் எழும் வகை. ஓர் இடத்தில் காலூன்றாமல் அலைந்து, ஒரு ராத்திரி வேவ்மேக்கருக்குள், அதாவது தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் விசிறிக்குள், போய்விட்டது. காலையில் 200 லிட்டர் தொட்டி முழுக்கக் கூழ். அந்த நாற்றத்தை என் மனைவி இன்னும் மறக்கவில்லை.

மூன்றாவதை வேளச்சேரி நண்பர் தந்தார். அவர் தொட்டியில் தானாக இரண்டாகப் பிரிந்ததில் ஒரு பாதி. ஐந்தாம் நாளே வாய் திறந்து தொங்கியது, நடக்கவும் தொடங்கியது. விளக்கைக் குறைத்தேன், கூட்டினேன், நீரோட்டத்தைத் திருப்பினேன். எதுவும் பலிக்கவில்லை. உப்பளவைச் சந்தேகிக்கவே இல்லை. ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) என்று, கடல்நீரின் அளவையே, காட்டிக்கொண்டிருந்ததே!

கோளாறு அங்கேதான். மலிவான ரிஃப்ராக்டோமீட்டர்கள் பலவற்றின் அளவுகோல் கடல்நீருக்கானதன்று, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கானது. ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். பூஜ்யத்தில் சரியாக நிற்கும் கருவி 35-இல் பொய் சொல்லலாம். அசல் கடல்நீர் 35 பிபிடி இருந்தால் இந்த வகைக் கருவி 36.5 என்று காட்டும். அதற்கு மேல் என்னுடையதற்குத் தனிப் பிசகு வேறு.

சோதிக்கக் கரைசல் வேண்டும். 100 கிராம் கரைசலில் 3.65 கிராம் உப்பு இருந்தால் அது 35 பிபிடி கடல்நீரைப் போலவே ஒளியை வளைக்கும். அதாவது 3.65 உப்பு, 96.35 தண்ணீர், தண்ணீரையும் எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. தெருமுனை நகைப் பட்டறைக்குப் போனேன். "தங்கம் நிறுக்கிற தராசில் உப்பா தம்பி?" என்று ஆசாரி அண்ணன் சிரித்தார், ஆனால் நிறுத்துக் கொடுத்தார். முதல் தடவை கல் உப்பை எடுத்துப்போனது வீண்; அதில் ஈரமும் வேறு தாதுக்களும் உண்டு. மறுநாள் தூள் உப்பை வாணலியில் வறுத்து, ஆறவைத்து, மூடிய டப்பாவில் கொண்டுபோனேன். சென்னைக் காற்றில் உப்பைத் திறந்து வைத்தால் அது எடைபோடும் முன்பே தண்ணீர் குடித்துவிடும்.

கரைசலை இரண்டு சொட்டு விட்டேன். நீலக் கோடு 35-இல் நிற்க வேண்டும், 39-இல் நின்றது. அப்படியென்றால் கருவி 35 என்று காட்டியபோதெல்லாம் தொட்டியில் இருந்தது சுமார் 31. இரண்டு அனிமோன்களுக்காக அன்று மிகவும் வெட்கப்பட்டேன். திருகைத் திருப்பிக் கோட்டை 35-இல் நிறுத்தினேன். இனி ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் காட்டாது, காட்டவும் வேண்டாம்.

உப்பை ஒரேயடியாக ஏற்றவில்லை. தினமும் ஆவியாகும் 3 லிட்டருக்கு ஆர்.ஓ. தண்ணீருக்குப் பதில் உப்புநீர் ஊற்றினேன். நாளுக்கு அரை பிபிடி, எட்டு நாளில் 35 வந்தது. ஒன்பதாம் நாள் அனிமோன் பாறை இடுக்கில் காலைப் பதித்தது. வாய் இறுக மூடியிருக்கிறது. வாரம் ஒருமுறை வாயைவிடச் சிறிய இறால் துண்டு, அவ்வளவுதான். விரல்நுனிகளில் குமிழ் மட்டும் இன்னும் எழவில்லை.

ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்ற இயற்கையியலாளர் 1828-இல் கடலிலிருந்து எடுத்துவந்த ஓர் அனிமோன் கண்ணாடி ஜாடியில் 1887 வரை வாழ்ந்தது. அவருக்குப் பிறகும் பலர் கைமாறி வளர்த்தார்கள். ரிஃப்ராக்டோமீட்டர் இல்லை, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் இல்லை, புதுக் கடல்நீர் மட்டும். படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அடுத்து ஒரு ஜோடி கோமாளி மீன். கிளார்க்கி வகையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோமாளி மீன்கள் குடியிருக்கும் பத்து வகை அனிமோன்களோடும் அது ஒட்டிக்கொள்ளும். ஆசிலாரிஸ் என்ற இன்னொரு கோமாளி மீன் வகை கடலில் பபிள் டிப்போடு வாழ்வதில்லை, தொட்டியில் சேர்ந்தால் அதிர்ஷ்டம். அதற்கு முன் வேவ்மேக்கருக்கு வலை கட்ட வேண்டும். வலைத்துணி வாங்கி இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் வெட்டவில்லை.

நேற்று காலை பார்த்தேன், அனிமோன் இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. வேவ்மேக்கரும் இடப்பக்கம்தான் இருக்கிறது.